ஜப்பானில் பன்னிரண்டு நாள்: தின்றது, வாங்கியது, ஏமாந்தது

தூறல்

போன மாதம் பன்னிரண்டு நாள் ஜப்பானில் இருந்தேன். தோக்கியோ, கனாசாவா, கியோத்தோ. ஊரெல்லாம் சொல்லும் பட்டியலில் பாதி இடங்களை நான் பார்க்கவில்லை. எனக்குப் பலகாரமும் கைவேலையும்தான் பைத்தியம். கோயிலுக்குப் போனதும் வாசலில் விற்கிற தின்பண்டத்துக்காகத்தான்.

முதல் நாள் அசாகுசாவில் 'காமினாரி ஒகோஷி' வாங்கினேன். பெயரைக் கேட்டு என்னவோ ஏதோ என்று பிரித்தால், நம்ம பொரி உருண்டை! உருட்டாமல் தட்டி வில்லை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் ரயிலேறிக் கவாகோயே. அங்கே மிட்டாய்க் கடைகள் மட்டுமே இருக்கும் ஒரு சந்து உண்டு. 1923 நிலநடுக்கத்தில் தோக்கியோ அழிந்தபோது தலைநகருக்கே மிட்டாய் போட்டுக் கொடுத்த சந்து என்றார்கள். இப்போது இருபது கடை தேறும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை எத்தனை விதமாகத் தின்னலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். திரும்பும்போது கோடு போட்ட பருத்தித் துணியில் தைத்த சில்லறைப் பை ஒன்று வாங்கினேன்.

என்னைக் கட்டிப்போட்டது கனாசாவா. பலகாரத்துக்குப் பெயர்போன ஊர்களாகக் கியோத்தோ, மாட்சுவே, கனாசாவா மூன்றையும் ஜப்பானியர் சேர்த்துச் சொல்வார்கள். இங்கே ஆண்ட மாயேதா பிரபுக்கள் தேநீர்ச் சடங்கில் ஊறியவர்கள். தேநீர் என்றால் கூடவே இனிப்பும் வேண்டுமே. 1625இல் தொடங்கிய மோரிஹாச்சி என்ற கடை இன்றும் நடக்கிறது. அரிசி மாவையும் வசன்போன் என்ற மெல்லிய சர்க்கரையையும் மர அச்சில் அழுத்தி எடுத்த 'சோசெய்தென்' அவர்களுடைய அடையாளம். கருங்கல் சில்லு மாதிரி விறைப்பாக இருக்கிறது. நான் பொரிவிளங்காய் உருண்டை கடித்து வளர்ந்தவள், பல்லைக் காத்துக்கொண்டு பயந்து பயந்து வாயில் வைத்தேன். நாக்கில் பட்டதும் கரைந்துவிட்டது. பழைய மர அச்சுகளையும் அந்தக் கடையிலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பலகாரத்தைவிட அதைப் பார்த்து நின்ற நேரம்தான் அதிகம்.

ஜப்பானின் தங்க ரேக்கில் 99 விழுக்காடு இந்த ஊரில்தான் அடிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு கனம். முழு ரேக்கு ஒன்றை ஐஸ்கிரீம் மேல் போர்த்தித் தருவார்கள். தங்கத்துக்கு ருசியே இல்லை, உதட்டில் ஒட்டிக்கொள்ளும். தஞ்சாவூர்ப் படத்தில் ஒட்ட வேண்டியதைத் தின்றுவிட்டோமே என்றிருந்தது. படம் எடுக்கத் தவறவில்லை.

வாங்கிய பெரிய பொருள் வாஜிமா என்ற ஊரின் அரக்குப் பூச்சுக் கிண்ணம். விலையைக் கேட்காதீர்கள், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு தாருமா பொம்மை. கியோத்தோவில் உடைந்த பீங்கானைத் தங்கத்தால் ஒட்டும் 'கின்ட்சுகி' வகுப்புக்கு ஒரு நாள் போனேன். அதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். கிண்ணத்தை எப்படிப் பராமரிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மினுக்கட்டான்

அக்கா, படம் எங்கே? ஏப்ரலில் நானும் அப்பா அம்மாவும் போகிறோம். வீட்டில் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பன்னிரண்டு நாள் பிஸ்கட்டில்தான் ஓட்ட வேண்டுமா?

நம்பாக்காரன்

ஒன்பது வருடமாக ஓசாகாவில் இருக்கிறேன். தம்பிக்கு இதை விரிவாகவே சொல்கிறேன், பலரும் ஏமாறுகிற இடம் இது.

கண்ணுக்குத் தெரியும் மீன் பிரச்சினை இல்லை, ஒதுக்கிவிடலாம். தெரியாத மீன்தான் பிரச்சினை. 'தாஷி' என்று ஒரு சாறு. கடற்பாசியையும் 'கட்சுவோபுஷி' என்கிற காய்ந்த சூரை மீன் சீவலையும் ஊறவைத்து எடுப்பது. மிசோ சூப்பு, நூடுல்ஸ் குழம்பு, காய்கறிக் கூட்டு, தொட்டுக்கொள்ளும் சாறு என்று எதிலும் இருக்கும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். அவர் கணக்கில் தாஷி மீனே இல்லை.

பொட்டலத்தில் ஒவ்வாமைப் பட்டியல் பார்த்து வாங்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அரைகுறை யோசனை. முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்றவைதான் கட்டாயப் பட்டியலில் வரும். சூரை மீன் வராது. முழுச் சேர்மானப் பட்டியலைக் கைப்பேசி கேமராவில் மொழிபெயர்த்து 'கட்சுவோ' இருக்கிறதா என்று பாருங்கள். 'எக்ஸ்ட்ராக்ட்' என்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். கடற்பாசி வைத்த ஒனிகிரி என்கிற சோற்று உருண்டைகூடப் பல நேரம் தப்பாது. வெறும் உப்புப் போட்ட ஒனிகிரி கிடைத்தால் அதுதான் ஓரளவு பத்திரம்.

நல்ல செய்தி, பலகாரம்! வாகஷி என்கிற பழைய பாணி ஜப்பானிய இனிப்புகளில் பயறு, அரிசி, சர்க்கரை, கடற்பாசிதான். பால், நெய், முட்டை எதுவும் இல்லை. தொராயாக்கி, காஸ்டெல்லா இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், அவற்றில் முட்டை உண்டு. முடிந்தால் கோயாசான் மலையில் மடத்து விடுதியில் ஒரு இரவு தங்குங்கள். துறவிகளின் சைவச் சாப்பாடு, அதில் தாஷிகூடக் கடற்பாசியிலும் காளானிலும்தான். தோக்கியோ, ஓசாகாவில் தென்னிந்தியக் கடைகளும் நிறைய வந்துவிட்டன. வாழையிலைச் சாப்பாட்டை ஜப்பானியரே 'மீருசு' என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நம்ம 'மீல்ஸ்'தான்.

பனங்காய்

தாஷியைப் பற்றி இவ்வளவு பயமுறுத்துகிறீர்களே! யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதில்லை. கட்சுவோபுஷி என்றால் எங்கள் மாசிதான். அதே சூரை, அதையும் அவித்துப் புகை போட்டுக் கல்லாகக் காய வைப்பதுதான். அவர்கள் பூஞ்சை பிடிக்கவிட்டு இன்னும் காயவைத்து, மரம் இழைக்கிற மாதிரிச் சீவுகிறார்கள். நாங்கள் இடித்துச் சம்பலுக்குள் போடுகிறோம். தோக்கியோவில் முதல் தடவை மிசோ சூப்பு குடித்தபோது அம்மம்மாவின் குசினி மணத்தது.

இன்னொன்று. அங்கே ரொட்டிக்கு 'பான்' என்று பெயர். நாங்கள் பாண் என்கிறோம். இரண்டு பேருக்கும் போர்த்துக்கேயர் கொடுத்த சொல். அவர்கள் கொண்டு போன 'கொன்பெய்தோ' என்ற சீனி மிட்டாயையும் வாங்கிப் பாருங்கள், சின்ன நட்சத்திரம் மாதிரி முள்ளு முள்ளாக இருக்கும். 1569இல் லூயிஸ் ஃப்ரோயிஸ் என்ற பாதிரியார் ஒதா நொபுனாகா என்ற போர்த்தலைவருக்கு ஒரு போத்தல் நிறையக் கொடுத்தாராம். சூடான சட்டியில் பாகை ஊற்றி ஊற்றி உருட்டி அந்த முள்ளு வர இரண்டு கிழமை எடுக்கும்.

வெட்டிக்கேள்வி

எல்லோரும் உருகி வழிகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஒன்று, அந்த இனிப்பு எதைத் தின்றாலும் உள்ளே அதே சிவப்புப் பயறு. உருவம் இலை, பூ, முயல் என்று மாறுகிறது, ருசி மாறுவதில்லை. மைசூர்பாகு தின்ற நாக்குக்கு இது பத்தியச் சாப்பாடு. இரண்டு, பெட்டிக்குள் தட்டு, தட்டுக்குள் உறை, உறைக்குள் ஒரே ஒரு பிஸ்கட், அதற்கு ஒரு ஈரம் உறிஞ்சும் பொட்டலம். எட்டு பிஸ்கட்டுக்கு ஒரு கூடைக் குப்பை. இதையே நம் ஊரில் செய்தால் திட்டுவோம், அங்கே செய்தால் அழகுணர்ச்சி என்போம்.

தூறல்

குப்பை விஷயத்தில் சரணாகதி. என் விடுதி அறைக் குப்பைத்தொட்டியே சாட்சி.

ஆனால் பயறு விஷயத்தில் விட மாட்டேன். அந்த 'அசுகி'யும் நம் உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் ஒரே பேரினம். வேகவைத்து மசித்துச் சர்க்கரை போட்டுக் கிளறினால் பூரணம். அரிசி மாவுக்குள் வைத்தால் இங்கே கொழுக்கட்டை, அங்கே தைஃபுக்கு. சுசியம் தின்றுவிட்டு "எப்போதும் உள்ளே அதே கடலைப்பருப்பு" என்று யாரும் குறை சொல்வதில்லையே! மேல்மாவுதான் வேறு. அவர்களுடையது பசையரிசி, அதனால்தான் அந்த இழுவை.

தனியாகத் தின்றால் எனக்கும் திகட்டத்தான் செய்தது. தேநீர் வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. சிவப்பும் பச்சையுமாக மேப்பிள் இலை வடிவில் நெரிகிரி என்ற பயற்று இனிப்பு ஒன்று வைத்தார்கள். காபிக்கு நடுவே பிஸ்கட் கடிக்கிற பழக்கத்தில் நான் தேநீருக்குக் காத்திருந்தேன். அந்த அம்மாள் கையைக் காட்டி, முதலில் இதை முழுக்கச் சாப்பிடு என்றார். சாப்பிட்டு முடித்த பிறகு வந்த மாச்சா தேநீர் கசப்பு. வாயில் தங்கியிருந்த இனிப்பு அதை ஏந்திக்கொண்டது. அந்தக் கசப்பு வரப்போகிறது என்று தெரிந்துதான் அவ்வளவு சர்க்கரை போடுகிறார்கள். பெட்டி வாங்கி ரயிலில் தின்றவருக்கு இது தெரியாது, கேள்வியாரே.

நம்பாக்காரன்

தனித்தனி உறைக்குக் காரணம் 'ஒமியாகே'. ஊருக்குப் போய் வந்தால் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாக வேண்டும். லீவு எடுத்ததற்கு ஒரு சின்ன மன்னிப்பு மாதிரி. மேசை மேசையாக வைத்துக்கொண்டு போக வேண்டும், ஆள் இல்லாவிட்டால் விசைப்பலகை மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் எட்டு, பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று எண்ணிக்கை போட்டே விற்பார்கள். நாங்கள் பெட்டி வாங்கும்போது ருசியைப் பார்க்க மாட்டோம், தலையை எண்ணுவோம். பிளாஸ்டிக் நியாயம் என்று சொல்ல வரவில்லை.

தூறல், கின்ட்சுகி சந்தேகம் என்ன?

தூறல்

இரண்டு மணி நேர வகுப்பு. உடைந்த தட்டை ஒட்டி, தங்கக் கோடு போட்டு, கையோடு கொண்டுவந்துவிட்டேன். அறிவிப்பில் அரக்கு, தங்கம் என்று இருந்த ஞாபகம். ஊர் வந்து பத்து நாளில் அந்தக் கோடு ஓரங்களில் கறுத்துப்போய்ப் பழைய பித்தளை விளக்கு மாதிரி இருக்கிறது. இடத்தின் பெயரைப் போட விரும்பவில்லை, நான்தான் சரியாக விசாரிக்காமல் போனேனோ என்னவோ.

பலாச்சுளை

தங்கச்சி, அது பித்தளைத் தூள்தான். அடியில் இரண்டு பசையைக் கலந்து ஒட்டும் எப்பாக்சி. இரண்டு மணி நேரத்தில் முடிகிற கின்ட்சுகி எல்லாம் அந்த வகைதான். அதில் சாப்பாடு வைக்காதீர்கள், சுவரில் மாட்டுங்கள்.

நான் பண்ருட்டிக்காரன், முந்திரிக் குடும்பம். அதனால் இந்த அரக்குப் பேச்சில் எனக்கும் பங்கு உண்டு.

அசல் அரக்கு 'உருஷி' என்கிற மரத்தின் பால். நம் மரவேலையில் வரும் அரக்கு பூச்சி தருவது, அது வேறு. இந்த மரம் முந்திரி, மா, சேராங்கொட்டை குடும்பம். சேராங்கொட்டை பட்டால் உடம்பு தடித்துப் புண்ணாகும், வண்ணார் அதன் சாற்றில்தான் துணிக்குக் குறி போட்டார்கள், தண்ணீரில் போகாது. முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். எங்கள் ஊரில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரலைப் பார்த்தால் தெரியும், எண்ணெயும் சாம்பலும் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். உருஷிப் பாலும் அதே சாதி. ஈரமான அரக்கைத் தொட்டால் பலருக்கும் அரிப்பும் கொப்புளமும் வரும். வேலை பழகுகிறவர்கள் முதலில் அதைத்தான் தாங்கிப் பழக வேண்டும். நன்றாக இறுகிவிட்டால் சாதாரணமாக யாரையும் ஒன்றும் செய்யாது.

அதிசயம் என்னவென்றால் அது காய்வதற்கு வெயில் கூடாது, ஈரம் வேண்டும். அதிலுள்ள நொதி ஈரக்காற்றில்தான் வேலை செய்யும். அதனால் ஈரம் கட்டிய அலமாரிக்குள் வைத்து இறுக வைப்பார்கள். ஒரு பூச்சு இறுகிய பிறகு தேய்த்துவிட்டு அடுத்த பூச்சு. அப்படி ஒட்டும் அசல் கின்ட்சுகிக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்கிற ஆளுக்கு அதைக் கற்றுத்தர முடியாது.

இன்னொரு வேடிக்கை. மலிவுக் கிண்ணங்களில் பூசுகிற மாற்று அரக்குக்கு ஜப்பானில் 'கஷூ' என்றே பெயர். முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்வது! உலகப் போருக்குப் பிறகு அங்கே பரவிய பூச்சு. தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உங்கள் கிண்ணத்தில் என்ன எழுதியிருக்கிறது?

நம்பாக்காரன்

வாஜிமா முத்திரை இருந்தால் கஷூவாக இருக்காது. அந்த ஊரில் கிடைக்கும் ஒருவகை மண்ணைச் சுட்டுப் பொடித்து அடிப்பூச்சில் கலப்பார்கள், அதுதான் அதன் உறுதி. விளிம்பில் துணி ஒட்டி அதன் மேல் பூசுவார்கள். மரத்தில் தொடங்கி முடிய நூறு படிகளுக்கு மேல். ஒவ்வொரு படிக்கும் வேறு ஆள்.

அண்ணன் சொன்ன மரத்தைப் பற்றிக் கொஞ்சம். பத்துப் பதினைந்து வருடம் வளர்த்த மரத்தில் ஒரு பருவம் முழுக்கக் கீறி எடுத்தால் 200 கிராம் அளவுக்குத்தான் பால் கிடைக்கும். அப்புறம் மரத்தை வெட்டிவிடுவார்கள், கட்டையிலிருந்து தளிர் வர வேண்டும். அதனால் ஜப்பானில் புழங்கும் அரக்கில் பெரும்பகுதி சீனத்திலிருந்து வருவது. உள்நாட்டு அரக்கு இவாத்தே மாவட்டத்தின் ஜோபோஜிப் பக்கம்தான் அதிகம். பழைய கோயில்களைப் புதுப்பிக்க உள்நாட்டு அரக்கையே பயன்படுத்த வேண்டும் என்று அரசு முடிவு செய்த பிறகு அதற்கும் இழுபறி.

வாஜிமா 2024 ஜனவரி 1ஆம் தேதி நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஊர். காலைச் சந்தைத் தெரு தீப்பிடித்து இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அரக்குப் பட்டறைகளும் அதில் உண்டு. செப்டம்பரில் வெள்ளம் வந்து மறுபடி அடித்தது. ஒரு படி செய்கிறவர் ஊரைவிட்டுப் போனால் அடுத்த படிக்காரரின் கை நின்றுவிடும். சந்தைக் கடைக்காரர்கள் வெளியூர்களில் போய்க் கடை போட்டார்கள். கனாசாவாவில் வாங்கினீர்கள் என்றால் விலையைப் பற்றி வீட்டில் தைரியமாகச் சொல்லுங்கள்.

மினுக்கட்டான்

தாருமா பொம்மை என்றால் போதிதர்மர்தானே? நம்ம காஞ்சிபுரத்துக்காரர்! பல்லவ இளவரசர்! ஜப்பானே தமிழனுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே?

ஓலைச்சுவடி

இதற்காகத்தான் ஒதுங்கி இருந்தேன், இழுத்துவிட்டீர்கள்.

தாருமா போதிதர்மர்தான், அதில் ஐயமில்லை. ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து கைகால் அற்றுப்போனதாகக் கதை, அதனால்தான் பொம்மைக்குக் கைகால் இல்லை. வேண்டுதலுக்கு ஒரு கண் வரைந்து, நிறைவேறினால் மறு கண் வரைவார்கள். அடியில் கனம் வைத்திருப்பதால் தள்ளினாலும் எழுந்துவிடும், தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி.

காஞ்சிபுரம் அவ்வளவு உறுதியில்லை. ஆறாம் நூற்றாண்டில் சீனாவின் லோயாங் நகர மடங்களைப் பற்றி எழுதிய யாங் சுவான்ஜி அவரைப் பாரசீகத்தவர் என்கிறார். போதிதர்மரின் போதனைகளுக்குத் தான்லின் எழுதிய முன்னுரை தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. தென்னிந்தியாவுக்கு ஆதாரம் உண்டு, பல்லவர் என்பது பிற்காலத்தார் ஊகித்தது.

மினுக்கட்டான்

பாரசீகமா?! சீனர்கள் எழுதினால் வேதவாக்கா?

மட்டுறுத்துநர்

போதிதர்மருக்குத் தனி இழை ஏற்கெனவே 41 பக்கம் ஓடுகிறது. அங்கே போங்கள். இங்கே பலகாரம்.

ஓலைச்சுவடி

கட்டளைக்குக் கீழ்ப்படிகிறேன். தமிழ்நாட்டு உறவு வேண்டும் என்றால் சந்தேகமே இல்லாத ஒன்றைத் தருகிறேன். தூறல் அம்மா கவாகோயேயில் வாங்கிய கோடு போட்ட பை. அதன் துணிக்குப் பெயர் கேட்டீர்களா? 'தோசான்' அல்லது 'கவாதோ' என்று சொல்லியிருப்பார்கள்.

'தோசான்' என்பதில் கடைசியில் வரும் 'சான்' எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்தத் துணிக்கு முன்பு 'சந்தொமே கோடு' என்று பெயர். சோழமண்டலக் கரையில் நெய்த மெல்லிய கோட்டுப் பருத்தி, போர்த்துக்கேயரும் அப்புறம் டச்சுக்காரரும் கப்பலேற்றியது. மயிலாப்பூர்க் கரையில் போர்த்துக்கேயர் குடியேறிய சான் தோமே, அதாவது நம் சாந்தோம், அந்தப் பெயரே துணிக்கு ஒட்டிக்கொண்டது. எடோ (இன்றைய தோக்கியோ) நகரத்து வணிகர்கள் பட்டு உடுத்தத் தடை இருந்த காலம். பருத்திதான், ஆனால் பட்டு மாதிரி மினுக்கம். விழுந்து விழுந்து வாங்கினார்கள். பிறகு உள்ளூர்த் தறியிலேயே நெய்யத் தொடங்கினார்கள், கவாகோயே அதில் பேர் வாங்கியது. அசலைப் பிரித்துச் சொல்ல, கடல் கடந்து வந்தது என்ற பொருளில் 'தோ' சேர்த்துத் தோசான் ஆக்கினார்கள். கவாகோயேயில் நெய்தது கவாதோ.

தூறல்

ஐயா, நான் இருப்பது மந்தைவெளியில். சாந்தோமுக்கு நடந்தே போய்விடலாம்! கடைக்காரர் 'கவாதோ' என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது, ஊர்ப் பெயரைச் செல்லமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கருநீலத்தில் சிவப்புக் கோடு. எங்கள் தாத்தா கட்டிய கைலிகூட இப்படித்தான் இருக்கும்.

கிண்ணத்தின் அடியில் வாஜிமா முத்திரை இருக்கிறது, நன்றி. ரசம் ஊற்றலாமா? புளி தாங்குமா?

பலாச்சுளை

தாராளமாக. இறுகிய அரக்கு, புளிக்கும் உப்புக்கும் அசையாது. அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், ஒரு நிமிடம் பொறுங்கள். கம்பி நார் கூடாது, மைக்ரோவேவ் கூடாது, கழுவி வெயிலில் கவிழ்க்கவே கூடாது. வெயில்தான் அதற்கு எமன். மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள். ஷோகேஸில் பூட்டாமல் அடிக்கடி புழங்குங்கள்.

தூறல்

நேற்று மிளகு ரசம். ஒரு நிமிடம் பொறுத்துத்தான் ஊற்றினேன். விலையையும் சொல்லிவிட்டேன், சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் அம்மாவே கிண்ணத்தை வாங்கிப் பார்த்தாள். எவர்சில்வர் டம்ளர் மாதிரி கை சுடவில்லை, ஆறிப்போய்விட்டது என்று நம்பி ஒரே வாயாக உறிஞ்சி நாக்கைச் சுட்டுக்கொண்டாள். இன்று காலையிலிருந்து அந்தக் கிண்ணத்தை "உன் ஜப்பான்காரன்" என்றுதான் கூப்பிடுகிறாள்.